பின்னேரக் காவல்: திருகோணமலை வயல்களிலும் தோட்டங்களிலும் புறா, காகம் விரட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் பறவை எதைத் தின்ன வருகிறது?

"குருவி தின்னுது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினால் காசும் நாளும் வீணாகும். பறவைக்குப் பறவை முறை வேறு.

புள்ளிப்புறாவும் மாடப்புறாவும் நிலத்தில் நடந்து பொறுக்குபவை. விதைத்த பயறு, கௌபி, உளுந்து, எள்ளு, சேற்றில் வீசிய முளைநெல் ஆகியவையே அவற்றின் குறி. நிற்கும் கதிரில் ஏறித் தின்பது அரிது. காகம் கச்சானைக் (நிலக்கடலையை) கிளறும், முளைத்த சோளனைப் பிடுங்கும், முற்றும் சோளன் பொத்தியின் உறையைக் கிழிக்கும், வத்தகைப்பழத்தில் ஓட்டை போடும். கதிர் நெல்லின் பாலைக் குடிப்பது தினைக்குருவிக் கூட்டம். கிளி சோளனிலும் நெல்லிலும் கைவைக்கும், தின்பதைவிடக் கீழே கொட்டுவது கூட. மரத்தில் இருக்கும் பச்சைப்புறா ஆலம்பழமும் அரசம்பழமும் தின்னும் பறவை. பயிருக்கு அதனால் ஒரு கெடுதியும் இல்லை, அதை விரட்டி மினக்கெட வேண்டாம்.

காவல் எத்தனை நாளுக்குத் தேவை?

பலர் பிழை விடும் இடம் இது. விதைத்த நாளிலிருந்து அறுவடை வரை எதையாவது கட்டித் தொங்கவிட்டால், உண்மையாகத் தேவைப்படும் நேரத்தில் பறவைக்கு அது பழகிப் போயிருக்கும். ஒவ்வொரு பயிருக்கும் ஆபத்தான நாட்கள் குறைவு. அந்த நாட்களைக் கணக்கிட்டு வையுங்கள்.

நெல்லில் முதல் ஆபத்து முளைநெல் வீசிய முதல் ஐந்து நாள். இரண்டாவது பால் பிடிக்கும் காலம். கதிர் வந்து ஏறக்குறைய 30 நாளில் நெல் முற்றும் என்பதால் பின்னாலிருந்து எண்ணுவது சுலபம். மூன்று மாத இனமான பிஜி 300 என்றால் 60ஆம் நாளளவில் கதிர் தலைகாட்டும். மூன்றரை மாத இனமான பிஜி 358 என்றால் 75ஆம் நாளளவில். கதிர் வந்த ஒரு கிழமைக்குப் பிறகு தொடங்கி அடுத்த இரண்டு கிழமை தினைக்குருவிக்குக் கொண்டாட்டம். மணியை நகத்தால் நசுக்கிப் பாருங்கள்: வெள்ளைப் பால் வந்தால் காவல் தேவை, மாவாகி இறுகிவிட்டால் சிறு குருவியின் ஆர்வம் குறையும்.

சோளனில் முளை தெரிந்ததிலிருந்து இரண்டு கிழமை. காகத்துக்குத் தேவை இலையல்ல, அடியில் இன்னும் ஒட்டியிருக்கும் விதை. அந்த விதை கரைந்து முடிந்ததும் பிடுங்குவது நின்றுவிடும். பிறகு பட்டுநூல் வந்த 18ஆம் நாளிலிருந்து மணி இறுகும் வரை மறுபடி ஒரு சுற்று. கச்சானில் விதைத்து முளைக்கும் வரை ஒரு கிழமை முதல் பத்து நாள், கடைசியில் காய் முற்றிய இரண்டு கிழமை. பயறு, கௌபியில் வித்திலை மேலே வந்து நிற்கும் ஒரு கிழமைதான் மோசமான காலம். புறா அந்தத் தடித்த வித்திலையைக் கிள்ளிவிட்டால் செடி அதோடு சரி.

நிலாவெளி, குச்சவெளி, கும்புறுப்பிட்டிப் பக்க வெங்காயத் தோட்டங்களுக்குப் பறவைக் காவல் பெரிதாகத் தேவைப்படாது. பாத்தியில் காகம் நடந்தால் பெரும்பாலும் புழுப் பொறுக்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் பின்னேரம்? எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

பறவைகள் நாளுக்கு இரண்டு தரம் தீவிரமாகத் தின்னும்: விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரையும், வெயில் சாய்ந்த பிறகு அடையும் வரையும். காலையில் வயலில் ஆள் நடமாட்டம் இருக்கும். பின்னேரம் எல்லோரும் வீட்டுக்குப் போன நேரம் பார்த்து அவை இறங்கும். எங்கள் மாவட்டத்தில் பொழுது சாய்வது மார்கழியில் ஆறு மணிக்குச் சற்று முன், ஆடியில் ஆறரை மணியளவில். அதனால் பெரும்போகத்தில் மூன்று மணிக்கும், சிறுபோகத்தில் மூன்றரைக்கும் வயலில் நிற்பது போதும்.

போனவுடனே கூச்சல் போட வேண்டாம். முதல் கால் மணி நேரம் வரம்பில் குந்தியிருந்து பாருங்கள். புறா ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே வழியால் வரும்: ஒரு பனைவரிசை, வாய்க்கால், மின்கம்பி, குளக்கட்டு என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துப் பறக்கும். இறங்க முன் ஒரு மரத்திலோ கம்பியிலோ குந்தி நோட்டம் பார்க்கும். அந்த மரம் எது, வழி எது என்று தெரிந்தால் வேலை பாதியாகக் குறையும். கட்டுவதை அந்தப் பக்கத்தில் கட்டுங்கள், ஆள் அந்தப் பக்கத்தில் நில்லுங்கள். வயலின் நடுவில் நின்று நாலு பக்கமும் கத்துவதால் தொண்டைதான் போகும்.

இன்னொன்று: முதலில் வரும் இரண்டு மூன்று பறவைகளை இறங்க விடாதீர்கள். கீழே தின்றுகொண்டிருக்கும் பறவையைக் கண்டுதான் மற்றவை இறங்கும். ஐம்பது இறங்கிய பிறகு எழுப்பினால் அவை ஒரு வட்டம் அடித்து அடுத்த மூலையில் இறங்கும். தினைக்குருவிக்கு ஏக்கருக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கும். புறாவும் காகமும் என்றால் ஒருவர் இரண்டு மூன்று ஏக்கரைச் சமாளிக்கலாம்.

சேதம் செய்தது பறவைதானா என்று எப்படித் தெரியும்?

தினைக்குருவி பால்மணியை நசுக்கிச் சாறை எடுத்துவிட்டு உமியைக் கதிரிலேயே விடும். கதிர் வெளிறி, மணிகள் பிளந்து, சில இடத்தில் பால் காய்ந்த வெள்ளைப் படலம் தெரியும். கதிர் முழுவதும் வெளுத்து, மெல்ல இழுத்ததும் கையோடு வந்தால் அது தண்டுதுளைப்பான். மணியில் கபிலப் புள்ளி விழுந்து சப்பையாக இருந்தால் பால் உறிஞ்சும் பூச்சி. இந்த இரண்டுக்கும் வெருளி கட்டிப் பயனில்லை.

கச்சானில் காகம் தோண்டிய குழி ஆழமில்லாமல் இருக்கும், உடைத்த கோது அதிலேயே கிடக்கும். எலி இரவில் வளை போட்டு இழுக்கும், கோதில் பல் அடையாளம் இருக்கும். பன்றி வந்திருந்தால் கேட்கவே தேவையில்லை, உழுதது போலக் கிடக்கும். சோளன் பொத்தியின் உறை நுனியிலிருந்து நார்நாராகக் கிழிந்திருந்தால் காகம் அல்லது கிளி. பொத்தியே முறிந்து காணாமற் போயிருந்தால் குரங்கு.

வெருளி ஏன் வேலை செய்வதில்லை?

வேலை செய்யும், மூன்று நாளைக்கு. பழைய சாரமும் சேட்டும் போட்டு ஒரே இடத்தில் போகம் முழுக்க நிற்கும் வெருளியின் தலையில் காகம் குந்தியிருப்பதை எந்த வயலிலும் காணலாம். இரண்டு நாளுக்கு ஒரு தரம் இடம் மாற்றுங்கள், உடுப்பையும் மாற்றுங்கள். கையில் ஒரு பொலித்தீன் பை கட்டினால் காற்றுக்கு அசையும். நீங்கள் காவலுக்கு வரும்போது போடும் அதே நிறச் சேட்டை அதற்குப் போட்டால் பலன் கூடும்: அந்த நிறம் வந்தால் துரத்தல் வரும் என்று காகம் படித்துவிடும். காவலுக்கு ஆள் வராத வயலில் வெருளியை மட்டும் நம்புவது வீண்.

மினுங்கும் நாடாவை எப்படிக் கட்டுவது? ஏக்கருக்கு எவ்வளவு தேவை?

ஒழுங்காகக் கட்டினால் காசுக்குப் பெறுமதியான முறை இதுதான். ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் சிவப்பாக, ஒரு சென்ரிமீற்றர் முதல் ஒன்றரை சென்ரிமீற்றர் அகலத்தில் சுருளாகக் கிடைக்கும். பழைய கசெற் நாடாவும் உதவும், ஆனால் அது மினுங்குவதைவிட இரைவது கூட, அறுவதும் சுறுக்கு.

தடிகளைப் பத்து மீற்றருக்கு ஒன்றாக ஊன்றுங்கள். நாடா கதிருக்கு மேலே ஒன்று முதல் ஒன்றரை அடி உயரத்தில் நிற்க வேண்டும். தடிக்குத் தடி ஐந்தாறு முறுக்குக் கொடுத்து, சற்றே தளர்வாகக் கட்டுங்கள். முறுக்கு இருந்தால்தான் வெயில் பட்டு விட்டுவிட்டு மின்னும், தளர்வு இருந்தால்தான் காற்றில் இரையும். கம்பி போல இழுத்துக் கட்டுவதுதான் வழக்கமான பிழை. அப்போது அது ஒரு கோடு மட்டுமே, பறவை அதில் குந்தக்கூடப் பார்க்கும்.

சிறுபோகத்தில் வீசும் கச்சான் காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து வரும். ஆகவே நாடாவை வடக்குத் தெற்காக ஓட விடுங்கள்: காற்றும் குறுக்கே அடிக்கும், சாயும் வெயிலும் குறுக்கே படும். கோட்டுக்குக் கோடு ஐந்து மீற்றர் இடைவெளி. ஏக்கர் ஏறக்குறைய 64 மீற்றர் சதுரம் என்பதால் 13 அல்லது 14 கோடு வரும்: 850 முதல் 900 மீற்றர் நாடா, நூறு தடிக்குச் சற்றுக் கூட. தினைக்குருவி கடுமையாக இருந்தால் இடைவெளியை மூன்று மீற்றராக்க வேண்டும். அப்போது 1400 மீற்றர் போகும். முழு ஏக்கருக்கும் முடியாவிட்டால் பறவை வரும் பக்கத்து இருபது மீற்றரை மட்டும் நெருக்கமாகக் கட்டுங்கள். முழுவதற்கும் ஐதாகக் கட்டுவதைவிட அது மேல்.

பால் பிடிக்க முன் கட்ட வேண்டாம். பத்துப் பதினான்கு நாளில் பறவை பழகிவிடும். வெட்டு மெசின் வருமுன் ஒரு துண்டு விடாமல் சுருட்டி எடுத்துவிடுங்கள். நாடா மெசினுக்குள் சுற்றினால் ஓட்டுநரிடம் வாங்கிக் கட்ட வேண்டி வரும்.

பழைய மீன்வலை போடலாமா?

சிறிய இடத்துக்கு, அதாவது நாற்றுமேடை, வத்தகைக் கொடியில் பழுத்த பகுதி, வீட்டுத் தோட்டத்துப் பயறு போன்றவற்றுக்கு வலையை மிஞ்ச ஒன்றுமில்லை. கரையோரத்தில் பழைய வலைக்கும் பஞ்சமில்லை. ஆனால் கண்ணளவில் ஏமாறாதீர்கள். மீன்வலைக் கண்ணை இழுத்துப் பிடித்துத்தான் அளப்பார்கள். இரண்டு அங்குல வலை என்றால் விரித்தபோது ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம். தினைக்குருவியைத் தடுக்க விரித்த கண்ணின் பக்கம் ஒன்றரை சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். புறாவுக்கும் காகத்துக்கும் நான்கு சென்ரிமீற்றர் போதும்.

வலையைப் பயிரின் மேல் படுக்க விட்டால் காகம் மேலே நின்று கண்ணுக்குள்ளால் கொத்தும். தடி நட்டு ஒன்றரை அடி உயர்த்தி, ஓரத்தை மண்ணோடு இறுக்கிவிடுங்கள். தளர்ந்து கிடக்கும் தங்கூசி வலையில் சாரைப்பாம்பும் உடும்பும் சிக்கிச் சாகும். சாரை போனால் எலி கூடும், பிறகு எலிக்குக் காவல் இருக்க வேண்டும். நாளுக்கு ஒரு தரம் வலையைச் சுற்றிப் பாருங்கள்.

சத்தத்தில் எது பலன் தரும்?

தகரம், மூங்கில் தட்டை, கவண், கெட்டப்போல், கைதட்டல் எல்லாம் ஆள் கூடவே இருந்தால் பலன் தரும். வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக் கவண் எறிந்த கதை வெருகல் முருகன் திருவிழாவுக்குப் போகும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காவலின் சூட்சுமம் பரண்தான். உயரத்தில் இருந்தால் பறவை இறங்க முன்னமே கண்ணில் படும், ஆளும் அதன் கண்ணில் படும்.

கைபேசியும் சிறிய ஒலிபெருக்கியும் கொண்டு பறவைகளின் அபயக் குரலை ஒலிக்க விடலாம். காகத்துக்கும் கிளிக்கும் இது நன்றாக வேலை செய்யும். புறாவுக்குச் செய்யாது, அதற்கு அப்படியான குரல் பெரிதாக இல்லை. அரை நிமிடம் விட்டு நிறுத்துங்கள், ஒரே இடைவெளியில் விடாதீர்கள். தொடர்ந்து ஓட விட்டால் இரண்டே நாளில் அது வானொலிப் பாட்டு மாதிரி ஆகிவிடும்.

யானை வெடியைப் பறவைக்குக் கொளுத்த வேண்டாம். அது யானையை விரட்டக் கொடுப்பது, விரலைக் கொண்டுபோகும் அளவுக்குப் பலமுள்ளது. குழாயில் கார்பைட் போட்டுச் செய்யும் வெடியும் அப்படித்தான், அது கண்ணைக் குறிவைக்கும். ட்ரோன் பறக்கவிட நினைப்பவர்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளை முதலில் பாருங்கள். சீனன்குடா விமானத்தளமும் கடற்படைத் தளமும் உள்ள மாவட்டம் இது.

துவக்கால் சுட்டால் ஒரே பின்னேரத்தில் வேலை முடியாதா?

முடியாது. சட்டம் ஒருபுறம் இருக்க, கணக்கே சரிவராது.

முதலில் சட்டம். தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கம், 2009இல் பெரிதாகத் திருத்தப்பட்டது. நாட்டின் பெரும்பாலான பறவைகள் அதன் பாதுகாப்பில் உள்ளவை. எந்தப் பறவை எந்த அட்டவணையில் என்பதை வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்யாமல் எதையும் கொல்லக் கூடாது. துவக்கு வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். பயிர்ப் பாதுகாப்புக்கான அனுமதிப்பத்திரத்துக்குக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) விண்ணப்பிக்க வேண்டும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். இன்னொருவரின் துவக்கை "ஒரு பின்னேரத்துக்கு" இரவல் வாங்குவது குற்றம். கட்டுத்துவக்கு (கம்பி தட்டுப்பட்டதும் தானாக வெடிக்கும்படி கட்டி வைப்பது) எந்த வகையிலும் சட்டவிரோதம். அது பன்றியையும் பார்க்காது, விறகு பொறுக்க வந்தவரையும் பார்க்காது.

நிலாவெளிப் பக்கத்துக்கு இன்னொரு சிக்கல். மாடப்புறாக்கள் கூடு கட்டும் புறாத்தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம்தான். 2003 முதல் அது தேசியப் பூங்கா. உங்கள் வயலில் இறங்கும் புறா அங்கிருந்து வந்ததா, பக்கத்துக் கோபுரத்திலிருந்து வந்ததா என்று அதன் கழுத்தில் எழுதியிருக்காது.

இனிக் கணக்கு. பன்னிரண்டு போர் (12 bore) துவக்கில் சிறு குண்டுத் தோட்டா உறுதியாகக் கொல்லும் தூரம் 35 மீற்றர் அளவு. ஆனால் குண்டு 200 மீற்றருக்கு அப்பாலும் போய் விழும். 28 கிராம் ஈயமுள்ள ஆறாம் இலக்கத் தோட்டாவில் ஏறக்குறைய 270 குண்டு. புறாவில் படுவது நாலைந்து, மீதி பக்கத்து வயலில், மாட்டில், மின்கம்பியில். சேற்றில் விழும் ஈயத்தை நீர்ப்பறவைகள் கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாகும். இரண்டு வெடியோடு கூட்டம் கலைந்து எட்டாத தூரத்தில் இறங்கும். பத்துச் சுட்டால், தீன் இருக்கும்வரை வேறு பத்து வந்து சேரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பக்கம் வெடிச்சத்தம் வெறும் சத்தமில்லை. வீட்டுக்குள் இருக்கும் வயதானவர்களுக்கு அது எதை ஞாபகப்படுத்தும் என்று நினைத்துப் பாருங்கள்.

இங்கிலாந்தில் பொம்மைப் புறா வைத்துச் சுடுவதைக் காணொளிகளில் பார்க்கிறோமே?

அங்கே சுடப்படுவது மரப்புறா என்ற வேறு இனம், எங்கள் நாட்டில் இல்லாதது. கடுகு இனப் பயிரிலும் பட்டாணியிலும் ஆயிரக்கணக்கில் இறங்கும். வலையால் மறைவிடம் கட்டி, இருபது மீற்றர் முன்னால் பொம்மைகளைக் குதிரை லாட வடிவில் பரப்பி, நடுவில் இறங்குவதற்கு இடம் விடுவார்கள். பறப்பது போலக் காட்ட, பொம்மையைச் சுற்றும் பொறியும் உண்டு. அங்கேயும் அது 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பொது அனுமதியோடு, பயிருக்குக் கடும் சேதத்தைத் தடுக்கவே செய்யலாம், கொல்லாத வழிகளையும் முயன்றிருக்க வேண்டும். எங்களுக்கு அதில் எடுக்க ஒன்று உண்டு: நல்ல வேட்டைக்காரர் முதல் நாள் துவக்கில்லாமல் வந்து, பறவை வரும் வழியை மணிக்கணக்கில் பார்ப்பார். பொம்மையை மாத்திரம் வாங்கி வைத்தால் புறாவை நீங்களே அழைத்த கதையாகும்.

செத்த காகத்தைக் கட்டித் தொங்கவிட்டால்?

சில நாள் காகம் ஒதுங்கும். முதலில் கூட்டமாக வந்து கரைந்து ஊரைக் கூட்டிவிட்டு, பிறகு அந்த இடத்தைத் தவிர்க்கும். இதற்காகக் காகத்தைக் கொல்லத் தேவையில்லை. கறுப்புப் பொலித்தீனை இரண்டு சிறகு போல வெட்டி, விழுந்து கிடக்கும் இறகு நாலைச் செருகி, தலைகீழாகக் கட்டினால் அதே வேலை நடக்கும். தானாகச் செத்துக் கிடக்கும் பறவையை வெறுங்கையால் தொட வேண்டாம். சனிக்கிழமை காகத்துக்குச் சோறு வைக்கும் ஊரில் அதன் உடலைக் கம்பத்தில் தொங்கவிட்டால் அயலவரோடு வரும் மனத்தாங்கல் கச்சானைவிடப் பெரிது.

காகம் மட்டும் எங்கள் பக்கம் ஏன் இவ்வளவு?

கரைவாடியில் கொட்டும் மீன்கழிவும் சந்தைக் குப்பையும்தான் அவற்றை வளர்ப்பது. உங்கள் கச்சான் அவற்றுக்கு இடைத்தீன். வாடிக்காரரோடு பேசிக் கழிவைக் குழியில் புதைக்கச் செய்தால், அல்லது உரக்குழிக்கென நீங்களே ஏற்றி எடுத்தால், இரண்டு கிழமையில் வித்தியாசம் தெரியும். முளைக்காலம் முடிந்த பிறகு சோளனுக்குள் நடக்கும் காகத்தை விட்டுவிடுங்கள். 2018/19 பெரும்போகத்தில் சேனாப் படைப்புழு சோளனை அழித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் புழுவையும் காகம் பொறுக்கும்.

விதைக்கும் முறையால் சேதத்தைக் குறைக்கலாமா?

நிச்சயமாக. முளைநெல்லைப் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வீசுங்கள். இரவில் சேற்றில் பதிந்துவிடும், காலைப் புறாவுக்குப் பாதிதான் தெரியும். நீர் வடியாத பள்ளத்தில் தாரா இனங்களும், காய்ந்து வெடித்த மேட்டில் புறாவும் இறங்கும் என்பதால் மட்டம் அடிப்பதில் சோம்பக் கூடாது. பறவைக்கென்று விதையைக் கூட்டி வீசுவது தவறு. ஏக்கருக்கு இரண்டு புசல் போதும், நெருங்கிய பயிரில் நோய்தான் கூடும்.

சோளனையும் கச்சானையும் நாலு சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றி மண்ணை மிதித்து இறுக்குங்கள். மேலே சிந்திய ஒரு விதை போதும், வரிசை இருக்கும் இடத்தைக் காகம் கண்டுபிடித்து நூல் பிடித்தது போல ஒவ்வொன்றாகத் தோண்டும். சிந்தியதைப் பொறுக்கிவிட்டே தோட்டத்தை விட்டு வாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரியது திகதி. கந்தளாய்க் குளத்தின் கீழ் விவசாயிகள் கூட்டத்தில் தீர்மானித்த திகதிக்கு எல்லோரும் விதைத்தால் பறவையும் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பங்காகும். பத்து நாள் முந்தியோ பிந்தியோ தனியாகக் கதிர் வரும் வயல் அத்தனை கூட்டத்துக்கும் ஒற்றைப் பந்தி. பிந்திவிட்டது என்றால் குறுகிய வயது இனத்தைப் போட்டு அயலாரை எட்டிப் பிடியுங்கள். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் இனத்தைக் கேளுங்கள்.

நெல்லில் மருந்து கலந்து வைத்தால்?

வேண்டாம். குற்றம் என்பதோடு, செத்த புறாவைத் தின்னும் நாயும் செம்பருந்தும் சாகும், வாய்க்கால் தண்ணீர் கெடும், கோழி வளர்ப்பவர் உங்களைத் தேடி வருவார்.

மயில்?

பாதுகாக்கப்பட்ட பறவை. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை ஐந்து நிமிடம் நாடு முழுக்க நடந்த பயிரழிக்கும் விலங்குகளின் கணக்கெடுப்பில் குரங்கோடு மயிலையும் எண்ணினார்கள். நாடாவுக்கு அது அஞ்சாது. நாயும், இடுப்பளவு வலைவேலியும்தான் ஓரளவு தாங்கும்.

காவலுக்குப் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

இரண்டு லீற்றர் தண்ணீர், தொப்பி, ஒரு பைக்கற் ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் தூள்), அறுந்த நாடாவுக்கு முடிச்சுப் போடக் கொஞ்ச நூல், கத்தி, திரும்பி வர டோர்ச். வரம்புப் புல்லுக்குள் விரியன் கிடக்கும் என்பதால் காலில் பூட்ஸ். ஒரு கொப்பியும் பேனையும் மறக்க வேண்டாம்: பறவை முதலில் வந்த நேரம், வந்த திசை, எத்தனை, எந்த மூலையில் இறங்கின. நாலு நாள் எழுதினால் ஐந்தாம் நாள் எங்கே நிற்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.